நாய் உணவுப் பையின் பின்பக்கம்

2014 மே மாதம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு நாய் உணவு நிறுவனம் இன்னொரு நாய் உணவு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. போட்டது நெஸ்லேவுக்குச் சொந்தமான பியூரினா. எதிர்த்தரப்பு புளூ பஃபலோ. கோழியின் தலை, கால், குடல் வகையறாவை அரைத்த தூள் எங்கள் உணவில் துளியும் கிடையாது என்று விளம்பரம் செய்தே புளூ பஃபலோ வளர்ந்திருந்தது. அந்தப் பைகளைச் சோதித்துப் பார்த்தோம், சிலவற்றில் அதே தூள் இருக்கிறது என்றது பியூரினா. புளூ பஃபலோ முதலில் அடியோடு மறுத்தது. எதிர்வழக்கும் போட்டது. சில மாதங்கள் கழித்து, மூலப்பொருள் அனுப்பும் நிறுவனம் ஒன்று சரக்கை மாற்றி அனுப்பிவிட்டது என்று ஒப்புக்கொண்டது. பையை நம்பி வாங்கியவர்கள் தொடுத்த வழக்கைத் தீர்க்க அது கொடுக்க நேர்ந்த தொகை 3.2 கோடி டாலர்.

உணவைச் செய்து, பையில் அடைத்து, பெயர் அச்சிட்டு விற்ற நிறுவனத்துக்கே உள்ளே போனது என்ன என்று தெரிந்திருக்கவில்லை. அப்படியிருக்க, திருச்சியிலோ சென்னையிலோ கடையில் நின்று இரண்டு பைகளைக் கையில் வைத்துக்கொண்டு எதை வாங்குவது என்று யோசிப்பவருக்கு எவ்வளவு தெரிய முடியும்? கொஞ்சம் தெரியும். அந்தக் கொஞ்சத்தையும் சரியாகப் படித்தால்தான் தெரியும். நாய் உணவை எடைபோட எல்லோரும் முதலில் பார்ப்பது பின்பக்கத்து மூலப்பொருள் பட்டியலை. அதிகம் படிக்கப்படுவதும் தவறாகப் படிக்கப்படுவதும் அதுதான்.

உலர் உணவு பிறந்த கதையிலேயே இந்தச் சிக்கல் உண்டு. 1860-களில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் கோதுமை மாவு, பீட்ரூட், காய்கறி, மாட்டிறைச்சி சேர்த்து நாய் பிஸ்கட் செய்து விற்றார். மற்றதெல்லாம் தெரியும், இறைச்சி எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் அவர் வெளியே விடவில்லை. இன்றைய உருண்டை வடிவம் 1950-களில் வந்தது. காலை உணவுத் தானியம் செய்யும் எந்திரத்தில் பியூரினா நாய் உணவைச் செய்து பார்த்து, 1957-இல் கடைக்குக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து செய்முறையின் அடிப்படை மாறவில்லை. இறைச்சித் தூள், தானிய மாவு, நீர், நீராவி எல்லாம் சேர்ந்த கலவையை நூறு டிகிரிக்கு மேலான சூட்டில், முறுக்கு உரலில் மாவு பிழிவதுபோல அழுத்தத்தோடு அச்சின் வழியே தள்ளுகிறார்கள். வெளியே வந்ததும் அது பொரிந்து உப்புகிறது. வெட்டி, ஈரம் பத்து சதவீதத்தை ஒட்டி இறங்கும்வரை உலர்த்தி, கடைசியில் மேலே கொழுப்பும் சுவைக்கான சாறும் தெளிக்கிறார்கள். உருண்டையை விரலால் தேய்த்தால் ஒட்டும் பிசுபிசுப்பு அந்தக் கொழுப்புதான். நாயை வாசனையால் இழுப்பதும் அதுவே. பை திறந்தபின் முதலில் கெடுவதும் அதுவே.

இந்தச் செய்முறைக்கு மாவுச்சத்து வேண்டும். மாவு இல்லாமல் உருண்டை உப்பாது, உதிர்ந்துபோகும். ஆகவே தானியம் இல்லாத பை என்று ஒன்று இருக்கலாம். மாவுச்சத்து இல்லாத பை என்று கடையில் ஏறக்குறைய எதுவும் இல்லை. அரிசிக்குப் பதில் பட்டாணி, கோதுமைக்குப் பதில் உருளைக்கிழங்கு, அவ்வளவே.

மாவுச்சத்து நாய்க்கு விஷம் என்ற பேச்சுக்கும் ஆதாரமில்லை. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்து எரிக் ஆக்செல்சன் குழு 2013-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணு ஓநாய்க்கு இரண்டு படிகள் என்றால் நாய்க்கு நான்கு முதல் முப்பது வரை இருப்பதாகக் காட்டியது. மனிதரின் வயலோரத்தில் வாழ்ந்து, மனிதர் தின்ற தானியத்தைத் தின்று நாயின் உடலும் மாறியது. கம்பங்கூழும் சோளக்கூழும் குடித்து வளர்ந்த சிப்பிப்பாறை நாய்கள் முயலை விரட்டிப் பிடித்ததில் வியப்பில்லை. நன்றாக வெந்த தானியத்தை நாய் நன்றாகவே செரிக்கிறது. எவ்வளவு தானியம், அதோடு எவ்வளவு இறைச்சி என்பதே கேள்வி.

இங்கேதான் பட்டியல் ஏமாற்றத் தொடங்குகிறது. மூலப்பொருள்களை எடைவரிசையில் எழுத வேண்டும் என்பது பொதுவான விதி. ஆனால் அந்த எடை உலர்த்துவதற்கு முந்தைய எடை. பச்சைக் கோழிக்கறியில் ஏறத்தாழ எழுபது சதவீதம் தண்ணீர். ஒரு கலவையில் 25 கிலோ கோழிக்கறி, 22 கிலோ மக்காச்சோளம், 18 கிலோ கோழித் தூள் போடுவதாக வைத்துக்கொள்வோம். பட்டியலில் கோழிக்கறிக்கே முதலிடம்; பையின் முன்பக்கத்தில் ‘முதல் மூலப்பொருள் உண்மையான கோழி’ என்று பெரிய எழுத்தில் போடலாம். உலர்ந்தபின் அந்த 25 கிலோவில் மிஞ்சுவது ஏழரைக் கிலோ. மக்காச்சோளத்தில் 19 கிலோவுக்கு மேல் நிற்கும். கோழித் தூள் ஏற்கெனவே உலர்ந்தது என்பதால் 17 கிலோவுக்குக் குறையாது. நாயின் தட்டில் விழும் உணவில் முதலிடம் மக்காச்சோளத்துக்கு. கோழிச் சத்தில் பெரும்பங்கைத் தருவதோ, மூன்றாம் இடத்தில் யாரும் கண்டுகொள்ளாத அந்தத் தூள். ‘சிக்கன் மீல்’ என்று பையில் அச்சாகும் அதை மட்டம் என்று நினைத்து ஒதுக்குபவர்கள், உணவின் முதுகெலும்பையே ஒதுக்குகிறார்கள்.

இன்னொரு தந்திரம் உடைத்தெழுதுவது. பட்டாணி, பட்டாணிப் புரதம், பட்டாணி மாவு, பட்டாணி நார் என்று ஒரே பொருளை நான்காக்கினால் ஒவ்வொன்றும் கோழிக்குக் கீழே இறங்கிவிடும். நான்கையும் கூட்டினால் கோழியைத் தாண்டும். விலை உயர்ந்த பைகளில்தான் இது கூடுதல்.

பெயரிலும் கணக்குண்டு. அமெரிக்க மாநிலங்கள் பின்பற்றும் ஆஃப்கோ சங்கத்தின் விதிப்படி, பெயரில் ‘சிக்கன் டின்னர்’ என்று வந்தால் கோழி 25 சதவீதமாவது இருக்க வேண்டும். ‘வித் சிக்கன்’ என்றால் 3 சதவீதம் போதும். ‘சிக்கன் ஃப்ளேவர்’ என்றால் நாய்க்குச் சுவை தெரிந்தால் போதும், குறைந்தபட்ச அளவே இல்லை. மூன்று பையிலும் படம் ஒரே பொன்னிறக் கோழித்தொடை.

சரி, நிஜப் பைகளையே எடுத்துப் பார்ப்போம். இந்தியாவில் மூலைமுடுக்கெல்லாம் கிடைக்கும் பெடிகிரியின் வளர்ந்த நாய்க்கான கோழி–காய்கறி வகையில் பட்டியலைத் தொடங்குவது தானியமும் தானியத் துணைப்பொருள்களும். கோழியும் கோழித் துணைப்பொருள்களும் அதற்குப் பின்னால். புரதம் குறைந்தது 20 சதவீதம், கொழுப்பு 10, நார் அதிகபட்சம் 5, ஈரம் 12. ராயல் கேனினின் பெருநாய் வகையான மேக்ஸி அடல்ட்டில் புரதம் 26, கொழுப்பு 17; உலர்த்திய பறவைப் புரதமும் தானிய மாவுகளும் முன்வரிசையில். கனடாவில் தொடங்கிய ஓரிஜென் ஒரிஜினலில் புரதம் 38, கொழுப்பு 18. கோழி, வான்கோழி, முட்டை, மீன் என்று பட்டியலின் முன்பகுதி முழுக்க விலங்குணவு, பின்னால் பருப்பு வகைகள்.

பையில் அச்சாகாத எண் ஒன்றை வீட்டிலேயே கணக்கிடலாம். நூறிலிருந்து புரதம், கொழுப்பு, நார், ஈரம் நான்கையும், சாம்பல் எனப்படும் தாதுப்பொருளுக்கு ஏழெட்டையும் கழித்தால் மிஞ்சுவது மாவுச்சத்து. பெடிகிரியில் அது 45-ஐ ஒட்டி வரும். ராயல் கேனினில் 40. ஓரிஜெனில் 20. பட்டியலின் அலங்காரத்தைவிட இந்த ஒரு கழித்தல் அதிகம் சொல்லும். விலை ஏற ஏற மாவு குறைந்து இறைச்சி கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் ஈரத்தை நீக்கிப் பார்த்தால் பெடிகிரியின் புரதமும் 22 சதவீதத்தைத் தாண்டுகிறது. வளர்ந்த நாய்க்கு ஆஃப்கோ வகுத்த குறைந்தபட்சம் 18. மலிவுப் பை நாயைப் பட்டினி போடுகிறது என்று காகிதத்தை வைத்து யாரும் சொல்ல முடியாது.

மூன்று பைகளுக்கும் உரிமையாளர் ஒருவரே: மார்ஸ் நிறுவனம். பெடிகிரியின் தாய் நிறுவனமான மான்செஸ்டர் ஆலையை மார்ஸ் 1934-இல் வாங்கியது. ஷான் கதாரி என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் 1968-இல் தொடங்கிய ராயல் கேனின் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் கைக்கு வந்தது. ஓரிஜெனைச் செய்யும் சாம்பியன் பெட்ஃபுட்ஸ் 2023-இல். மலிவு, நடுத்தரம், உச்சம் என்று வாங்குபவர் மனதில் மோதிக்கொள்ளும் பெயர்கள் ஒரே கணக்கேட்டில் இருக்கின்றன. இந்தியப் பெயர்களில் பெரியதான ட்ரூல்ஸ், சத்தீஸ்கரின் ராஜ்நந்த்காவைச் சேர்ந்த ஐபி குழுமத்தில் பிறந்தது. கோழித் தொழிலே அந்தக் குழுமத்தின் அடித்தளம் என்பதால் முக்கிய மூலப்பொருளைத் தேடி அது வெகுதூரம் போக வேண்டியதில்லை. அதில் 2025-இல் நெஸ்லே சிறுபங்கு வாங்கியிருக்கிறது.

துணைப்பொருள் என்ற வார்த்தையைக் கண்டு அஞ்சுவது மேற்கத்திய விளம்பரங்கள் பரப்பிய பழக்கம். ஆஃப்கோ வரையறைப்படி கோழித் துணைப்பொருள் தூள் என்றால் கழுத்து, கால், குடல், கருமுட்டை போன்றவற்றை அரைத்தது. தவிர்க்க முடியாத சிறு அளவைத் தாண்டி இறகு சேரக்கூடாது. ஆட்டு ஈரலை முதல் ஆளாகப் போய்க் கேட்டு வாங்கி, சுவரொட்டியைப் பிள்ளைக்குச் சுட்டுக் கொடுத்து, குடல் குழம்பு வைக்கும் தமிழ் வீடுகள் இதைக் கண்டு முகம் சுளிக்க எந்தக் காரணமும் இல்லை. ஈரலில் இருக்கும் வைட்டமின் ஏ நெஞ்சுக்கறியில் இல்லை. வேட்டையாடும் விலங்கு முதலில் தின்பதும் உள்ளுறுப்பைத்தான்.

அஞ்ச வேண்டியது பெயரில்லாமையைப் பார்த்து. ‘கோழி’ என்றோ ‘ஆடு’ என்றோ சொல்லாமல் ‘இறைச்சி மற்றும் எலும்புத் தூள்’ என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த விலங்கு, எப்படிச் செத்தது என்று கேட்கும் வழியே அடைபடுகிறது. கடைகளில் விற்ற உலர் நாய் உணவுகளைச் சோதித்து அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2002-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சிலவற்றில் பென்டோபார்பிட்டல் இருந்தது. நோயுற்ற விலங்குகளை வலியின்றிச் சாகடிக்க ஊசியில் ஏற்றும் மருந்து அது. அளவு மிகக் குறைவு, தீங்கு நேரும் வாய்ப்பில்லை என்று நிர்வாகம் முடிவு சொன்னது. தீங்கு இல்லாமல் இருக்கலாம். அந்த மருந்து ஏற்றப்பட்ட உடல் ஒன்று உணவு ஆலைக்குள் நுழைந்திருக்கிறது என்பதை எந்த அளவும் மறைக்காது. விலங்கின் பெயரைச் சொல்லாத பையை விட்டுவிட இது ஒன்றே போதும்.

புரத எண்ணையும் அப்படியே நம்பிவிட முடியாது. 1883-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் மது ஆலை ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் ஒரு சோதனையை உருவாக்கினார். பொருளில் எவ்வளவு நைட்ரஜன் என்று அளந்து, அதை 6.25-ஆல் பெருக்கினால் புரதம். இன்றுவரை தீவனத் துறை சார்ந்திருப்பது நைட்ரஜனை எண்ணும் இந்த முறையைத்தான். இறகிலும் புரதம் உண்டு, ஈரலிலும் உண்டு. சோதனைக்கு இரண்டும் ஒன்று, பச்சை இறகை நாயின் குடல் தொடாது. இந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்று 2007 மார்ச்சில் தெரிந்தது. பல பெயர்களுக்கு உணவு செய்து கொடுத்த கனடாவின் மெனு ஃபுட்ஸ், ஆறு கோடி டப்பாக்களையும் உறைகளையும் திரும்பப் பெற்றது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது. பிளாஸ்டிக் தட்டு செய்யும் அந்தப் பொருளின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஒரு பிடி கலந்தால் சோதனையில் புரதம் எகிறும். அதோடிருந்த சயனூரிக் அமிலத்துடன் சேர்ந்து அது சிறுநீரகத்தில் படிகமாக உறைந்தது. ஆயிரக்கணக்கான நாய்களும் பூனைகளும் நோயுற்றன, ஏராளமானவை செத்தன. அடுத்த ஆண்டே சீனக் குழந்தைகளின் பால்பவுடரில் அதே மெலமைன், அதே காரணத்துக்காக.

உலர் உணவைவிட ஈர உணவையே மெலமைன் அதிகம் தாக்கியது என்றாலும் பாடம் எல்லாப் பைக்கும் பொருந்தும். புரதம் எவ்வளவு என்பதோடு எவ்வளவு செரிக்கும் என்பதும் தெரிய வேண்டும். நாய்களுக்கு உணவைக் கொடுத்து, தின்றதையும் கழித்ததையும் எடைபோட்டுத்தான் அதை அளக்க முடியும். பையில் அந்த எண்ணை அச்சிட யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. வளர்ப்பவருக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி காலை நடையில் தெரியும்: உணவை மாற்றிய சில வாரங்களில் மலம் குறைந்து கெட்டிப்பட்டால் உள்ளே சத்து தங்குகிறது, குவியலாகவும் தளர்வாகவும் வந்தால் பணம் மண்ணுக்குப் போகிறது.

மூலப்பொருளை மட்டும் வைத்துத் தரம் பிரித்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு 2018-ஐச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய பத்தாண்டில் தானியமில்லாப் பைகளே உயர்ந்தவை என்ற எண்ணம் அமெரிக்காவில் ஊன்றியிருந்தது. அந்த ஜூலையில் உணவு மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விட்டது: இதயத்தசை தளர்ந்து விரியும் நோய், வழக்கமாக அது வராத இனங்களிலும் காணப்படுகிறது, பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு மிகுந்த உணவோடு அதற்குத் தொடர்பிருக்கலாம். 2019 ஏப்ரல் வரை வந்த புகார்கள் 524. அவற்றில் பேசப்பட்ட உணவுகளில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தானியமில்லாதவை. அந்த ஜூனில் வெளியான பதினாறு பெயர்களில், மூலப்பொருள் தரத்துக்காகவே புகழ்பெற்ற அகானா முதலிடத்தில் நின்றது; அதன் உடன்பிறப்பான ஓரிஜெனும் இருந்தது. காரணம் இதுதான் என்று நிறுவப்படவில்லை. புதிய சான்று கிடைக்கும்வரை மேற்கொண்டு அறிக்கை வெளியிடப்போவதில்லை என்று 2022 டிசம்பரில் நிர்வாகம் சொல்லிவிட்டது. இருந்தாலும், தானிய ஒவ்வாமை உறுதியாகாத நாய்க்குக் கூடுதல் விலை கொடுத்துப் பட்டாணியும் மைசூர் பருப்பும் நிறைந்த பையை வாங்க இன்று எந்த நல்ல காரணமும் இல்லை. கோல்டன் ரெட்ரீவர் வளர்ப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். டாரின் என்ற சத்து குறைவதால் அந்த இனத்துக்கு இதய நோய் வருவது முன்பே பதிவானது.

பையே வேண்டாம், வீட்டுச் சாப்பாடு போதும் என்ற பதில் இந்த இடத்தில் எழும். தயிர்சாதமும் மிஞ்சிய குழம்பும் தின்று பத்துப் பன்னிரண்டு வருடம் வாழ்ந்த தெருநாய்க்கு ஊருக்கு ஊர் சாட்சி உண்டு. ஆனால் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை அலசி 2013-இல் எழுதியபோது, 95 சதவீதக் குறிப்புகளில் அவசியமான சத்து ஒன்றாவது குறைந்தது. கால்நடை மருத்துவர்கள் எழுதிய குறிப்புகளும் அதில் அடக்கம். வெறும் கறியும் சோறும் தின்று வளரும் லாப்ரடார் குட்டிக்குக் கால்சியம் போதாமல் எலும்பு வளைவதுண்டு. அதைப் பார்த்து மாத்திரையை அள்ளிக் கொடுத்தால் மிகையாகி மூட்டு கெடுவதும் உண்டு. நல்ல பையின் பெருமை கோழியில் மட்டும் இல்லை. பட்டியலின் வாலில், பெயர் வாயில் நுழையாத துத்தநாக, செம்பு, வைட்டமின் உப்புகளிலும் இருக்கிறது. பயமுறுத்தும் அந்தக் கடைசி வரிகள்தான் வீட்டுச் சோற்றில் இல்லாதவை.

ஆகவே நிறுவனங்களை ஒப்பிட, பட்டியலுக்கு வெளியேயும் கேட்க வேண்டியிருக்கிறது. உலகச் சிறுவிலங்கு மருத்துவச் சங்கம் சில கேள்விகளைப் பரிந்துரைக்கிறது. உணவை வகுப்பவர் கால்நடை ஊட்டச்சத்தில் உயர்பட்டம் பெற்றவரா? உணவு சொந்த ஆலையில் செய்யப்படுகிறதா? மூலப்பொருளையும் முடிந்த உணவையும் சோதிக்கும் முறை என்ன? ஒரு கிலோவுக்கு எத்தனை கலோரி? வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் போட்டோ மின்னஞ்சல் எழுதியோ இவற்றைக் கேட்கலாம். தெளிவாகப் பதில் சொல்லும் நிறுவனம் மக்காச்சோளத்தை முதலில் எழுதியிருந்தாலும், பதில் சொல்லாமல் மாதுளையும் அவுரிநெல்லியும் அச்சிட்ட பையைவிட நம்பத்தக்கது. அந்தப் பழங்கள் உணவில் இருப்பது பெரும்பாலும் கண்ணில் தட்டுப்படாத அளவே.

சோதனை ஏன் இவ்வளவு முக்கியம் என்பது அஃப்ளடாக்சினில் தெரியும். மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் பூக்கும் பூஞ்சை விடும் நஞ்சு அது. நாயின் கல்லீரலை அழிக்கும். ஆலையின் சூட்டில் முழுக்க அழியாது. அமெரிக்காவில் நூறு கோடியில் இருபது பங்குதான் அதற்கு வரம்பு. 2005-இல் டயமண்ட் நிறுவனத்தின் தென் கரோலினா ஆலையிலிருந்து வந்த உணவு நூறு நாய்களுக்கு மேல் பலிகொண்டது. 2020 கடைசியில் மிட்வெஸ்டர்ன் நிறுவனத்தின் ஸ்போர்ட்மிக்ஸ் பைகள் திரும்பப் பெறப்பட்டன; 110 நாய்களுக்கு மேல் இறந்ததாகப் புகார்கள் குவிந்தன. எந்த மூலப்பொருள் பட்டியலும் இதைக் காட்டிக்கொடுக்காது. லாரியில் வந்திறங்கும் ஒவ்வொரு மூட்டைச் சோளத்திலும் மாதிரி எடுத்துப் பார்ப்பவர் இருக்கிறாரா என்பதே அங்கே நாயின் உயிர்.

தமிழ்நாட்டில் இதற்கு மேலும் ஓர் ஆபத்து இருக்கிறது. பல கடைகளில் இருபது கிலோ மூட்டையை வாய்திறந்து வைத்து, அரைக்கிலோ ஒரு கிலோ என்று லூஸில் அள்ளிக் கொடுக்கிறார்கள். பெரிய பை வாங்க முடியாதவருக்கு அது வசதி என்பது மெய். ஆனால் சென்னையின் ஐப்பசி ஈரத்தில் திறந்து கிடக்கும் உருண்டை நீரை உறிஞ்சும், மேற்பூச்சுக் கொழுப்பு காற்றுப்பட்டுச் சிக்கு வாடை அடிக்கும், பூஞ்சை பிடிக்கும். உருண்டையை முகர்ந்தால் பழைய எண்ணெய் வாசம் வந்தால் அது எந்தப் பெரிய பெயரானாலும் நாய்க்கு ஆகாது. சிறிய பையாக, ஒரு மாதத்துக்குள் தீரும் அளவில், மூடியதாகவே வாங்க வேண்டும். வீட்டில் டப்பாவில் கொட்டாமல் பையோடு டப்பாவுக்குள் வைத்து வாயை இறுக்கிக் கட்ட வேண்டும். பையில் அச்சாகியிருக்கும் தொகுதி எண்ணும் காலாவதி தேதியும் அதோடு தங்கும். ஸ்போர்ட்மிக்ஸ் வாங்கியிருந்தவர்கள் தங்கள் வீட்டுப் பை ஆபத்தானதா என்று தெரிந்துகொண்டது அந்த எண்ணைப் பார்த்துத்தான். பாலித்தீன் கவரில் லூஸாக வாங்கி வந்தவரிடம் பார்க்க எந்த எண்ணும் இருக்காது.